துரைக்குப் பத்தியம்

வீட்டில் இரண்டு நாளாக அரிசியே களையவில்லை. ஆனால் துரை எடுத்த வாந்தியில் சோறு இருந்தது.

மாஸ்டர் துடைப்புத் துணியோடு சமையலறைத் தரையில் குந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் உள்ள தனி பிரேக்கை மிதித்து மிதித்தே இருபத்தாறு வருடம் பிழைத்துவிட்ட மனிதர். பயம் வந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். இப்போதும் அழுத்தியது. எதுவும் நிற்கவில்லை.

துரை பன்னிரண்டு வயது நாய். மாஸ்டரின் மனைவி புட்டிப்பால் கொடுத்து வளர்த்த செல்லம். அவள் உருட்டி ஊட்டினால்தான் தின்பான், தட்டில் வைத்தால் தட்டையும் வைத்தவரையும் ஒரே மாதிரி பார்ப்பான். அவள் தங்கையின் பிரசவத்துக்குப் போன மறுநாளே மாஸ்டர் தன் சுதந்திரத்தைப் பொரித்த கோழியோடு கொண்டாடி, எலும்புகளை மூடியில்லாத குப்பைக்கூடையில் போட்டார். திருடித் தின்ன மட்டும் துரைக்கு யார் கையும் தேவைப்படவில்லை.

நேற்று நாய் டாக்டர் அவன் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னதை மாஸ்டர் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தார்: நாளை மாலை ஆறு வரை தண்ணீர் மட்டும். வேறு எது போனாலும் குடல் தாங்காது.

இப்போது மதியம் மணி இரண்டு. வெளியே மழை. தரையில் சோறு. வெள்ளையாக, குழைவாக, பல் முளைக்காத குழந்தைக்காக யாரோ மென்று எடுத்ததைப் போல. தொட்டுப் பார்த்தார். சுட்டது.

டாக்டருக்குப் போன் போட்டார்.

"சோறு போட்டீங்களா சார்?"

"இல்லம்மா. நானே ரெண்டு நாளா ரொட்டிதான் திங்கிறேன்."

"எல்லாரும் பாசத்துல குடுத்துட்டு, என்கிட்ட இல்லன்னுதான் சொல்வாங்க."

"பாசமா? அவன் என்னை மனுஷனாவே மதிக்கிறதில்லம்மா."

டாக்டர் சிரிக்கவில்லை. "இனி ஒரு வாய் உள்ள போனாலும் ஆபரேஷன்தான் சார். இந்த வயசுல மயக்க ஊசி போட்டா எந்திரிப்பானான்னு என்னால சொல்ல முடியாது. பக்கத்துலயே இருங்க."

பக்கத்திலேயே இருந்தார். அதாவது, இருக்க முயன்றார். வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார். ஜன்னல்களைச் சாத்தினார். அரிசி டப்பாவைத் திறந்து மோந்து மூடினார். மறுபடி வாசல் கதவு. துரை கூடத்துப் பாயில் படுத்தபடி, குட்டி போட்ட பூனை போல அலையும் இந்த ஆளைக் கண்ணால் மட்டும் பின்தொடர்ந்தான். அவன் வயிறு மத்தளம் போல விம்மியிருந்தது. மழைச் சத்தத்துக்கு அடியில் வேறு ஏதோ சத்தம் கேட்பது போலவும், கவனித்தால் நின்றுவிடுவது போலவும் இருந்தது.

மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, துரை என்ன பண்றான்?"

"ராஜா மாதிரி படுத்திருக்கான்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"மழை. சளி."

"அவனை நல்லா பாத்துக்கங்க. எனக்குன்னு அவன் ஒருத்தன்தான்."

"அப்ப நான் யாரு?"

"நீங்க வாடகைக்கு இருக்கறவரு," என்று சிரித்தபடி போனை வைத்துவிட்டாள். சிரிப்பு நின்றதும் வீடு முன்பைவிட அமைதியானது.

போனை மேசையில் வைத்துத் திரும்பினார். பாய் காலியாக இருந்தது.

படுக்கையறையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல்கூட நுழையாத இடுக்கைப் பார்த்தபடி துரை உட்கார்ந்திருந்தான். கழுத்தை நிமிர்த்தி. வாயைத் திறந்து. வால் தரையில் மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது. மனைவி முன்னால் மட்டும்தான் அப்படி உட்காருவான்.

இடுக்குக்குள் யாரோ மென்றுகொண்டிருந்தார்கள். பொறுமையாக. எச்சில் ஊற ஊற.

பிறகு கை வந்தது.

முதலில் விரல்கள். நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை. அதற்கப்புறம் இன்னொரு முழங்கை. விரல்நுனியில் ஆவி பறக்கும் ஓர் உருண்டை.

மாஸ்டர் பாய்ந்து துரையின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார். நகங்கள் தரையைக் கீறின, அவன் அசையவில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக அவரைப் பார்த்து உறுமினான். உருண்டை அவன் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில்.

மாஸ்டர் நடுவே மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"போதும்ங்க," என்றார். விருந்தாளியிடம் பேசுவது போலத்தான் குரல் வந்தது. "அவனுக்கு உடம்பு சரியில்ல."

கை நின்றது. யோசித்தது. அவருடைய தோளைத் தாண்டி நீளத் தொடங்கியது. காதோரமாக. ஈரச் சூடு. பின்னால் துரை ஆவலோடு முனகினான்.

ஒரு வாய் போனாலும்.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

கை திரும்பி வந்தது. மெதுவாக. அவர் மோவாயைத் தொட்டது. அளவு பார்த்தது. ஊட்டியது.

உப்பில்லை. சூடு. நடுவே யாருடையதோ ஒரு பல். விழுங்கினார்.

கட்டைவிரல் அவர் கடைவாயைத் துடைத்துவிட்டது. தொண்டையை நீவிவிட்டது, இறங்கும்வரை. கை இடுக்குக்குள் போனது. மறுபடி வந்தது. விழுங்கினார். மறுபடி. விழுங்கினார்.

துரை சலித்துப்போய், அவர் முதுகில் சாய்ந்து, குறட்டை விட ஆரம்பித்தான். அவன் வயிறு மெல்ல ஏறி இறங்குவது முதுகில் தெரிந்தது. அது போதும் என்று நினைத்துக்கொண்டார். ஆறு மணி வரைதானே.

தலையை நகர்த்தப் பார்த்தார். பிடரியை இன்னொரு கை தாங்கியிருந்தது.

இடுக்குக்குள் மெல்லும் சத்தம் வேகமெடுத்தது. இப்போது மென்றது ஒரு வாய் அல்ல. சுவர் முழுக்க மென்றது.