டேட்... டாயீ... டெட்!

நல்லசிவத்தைக் கொன்றவன் நான்தான்!

கத்தி இல்லை. துப்பாக்கி இல்லை. ஆயுதம்... ஒரே ஒரு ஹிந்தி வார்த்தை!

நான் அய்யாசாமி. மத்திய சர்க்கார் உத்தியோகம். டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருபத்தெட்டு வருஷம். ஆபீஸ் ஹிந்திப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியவன். போட்டியிட்டவர்கள் மொத்தமே நாலு பேர்!

அந்தத் திமிர்தான்...

பக்கத்து வீட்டு நல்லசிவத்துக்குப் பக்கவாதம். முதலில் போன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின் ரிப்பேர். அடுத்ததற்குள் நுழையும்போது மாலை ஆறேகால்.

"எத்தனை மணிக்கு விழுந்தார்?" ஹிந்தியில் கேட்டார் சின்ன டாக்டர்.

"டாயீ பஜே!" முந்திக்கொண்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. நாலரை மணி நேரத்துக்குள் என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி உண்டாம். தாண்டினால், அதே ஊசி மூளைக்குள் ரத்தத்தைக் கொட்ட வைத்துவிடுமாம்!

ஸ்ட்ரெச்சர் உள்ளே பறந்தது.

நல்லசிவத்தின் மனைவி தாயம்மாள் என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி... டாக்டர்ட்ட என்ன சொன்னிய?"

"விழுந்த நேரம்தாம்மா. ஒண்ணரை மணி."

"அவரு ரெண்டரைன்னுல்லா எழுதினாரு!"

அப்போதுதான் உறைத்தது.

டேட் என்றால் ஒன்றரை. டாயீ என்றால் இரண்டரை!

அப்படியானால்... நாலரை மணி நேரக் கெடு ஆறு மணிக்கே முடிந்து கால் மணி நேரம் தாண்டிவிட்டது!

ஓடினேன். கதவில் செக்யூரிட்டி மறித்தான்.

"பையா! டேட்! டாயீ நஹி... டேட்! டேட்!"

"டெட்? கௌன் டெட்?" யார் செத்தது என்கிறான்!

தாயம்மாளுக்கு ஹிந்தி தெரியாது. 'டெட்' தெரியும்.

"என்னைப் பெத்த அம்மா...!" வீறிட்டுச் சரிந்தாள்.

ஒரே ஆளை இரண்டு தடவை கொன்ற முதல் ஆறுதல் பரிசுக்காரன் நான்!

நர்ஸிடம் கெஞ்சினேன். "தேக்தே ஹை", பார்க்கலாம் என்றாள். செக்யூரிட்டியோ மேலே இருப்பவன் பார்ப்பான் என்று கூரையைக் காட்டினான். எல்லோரும் 'பார்க்கலாம்'... ஒருவரும் பார்க்கவில்லை!

ஒன்றரை மணி நேரம். எனக்குத் தூக்கா, ஆயுளா என்று யோசித்து முடித்தபோது கதவு திறந்தது. பெரிய டாக்டர் மாதங்கி. தமிழ்!

"யார் சார் இங்க டெட்டுன்னு கத்தினது?"

"நான்தாம்மா. கொலையும் நான்தான். ஒண்ணரையை ரெண்டரைன்னுட்டேன். அந்த ஊசி..."

"ஊசியா? போடவே இல்லையே!"

"எ... என்னது?"

"ஸ்கேன்லயே பார்த்துட்டேன். மூளைல ரத்தக்குழாய் சுவர் கசிய ஆரம்பிச்சிருக்கு. ஊசி போட்டா ரத்தம் கொட்டும்னு படமே சொல்லிடுச்சு. தொடை வழியா கம்பி விட்டு கட்டியை வெளிய இழுத்துட்டோம்."

மயக்கம் தெளிந்து உட்கார்ந்திருந்த தாயம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உதறாமல் பிடித்திருந்தாள். அதுதான் என்னை அழ வைத்தது.

"நேராச் சொல்லுங்கம்மா... நல்லசிவம் பொழைப்பானா?" என்றேன்.

"பொழைச்சுட்டார். கையை அசைக்கறார்."

"அப்போ... நான் சொன்ன டைம்?"

"அதை யார் சார் நம்பினா? என்னைப் பொண்ணு பார்க்க என் பஞ்சாபி மாமியார் ஒரு மணி நேரம் லேட்டா வந்ததே ஒண்ணரைன்னு நினைச்சு எங்கப்பா சொன்ன டாயீயாலதான்!"