ஒச்சாண்டி வீட்டுச் சொல்

மார்க்கையன்கோட்டையில் ஒச்சாண்டி ஒன்று சொன்னால் சொன்னதுதான். அவருடைய அப்பாவும் அப்படித்தான். ஊரே அறியும்.

அந்த வீட்டு மூத்த மகள் முனீஸ்வரி, பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். சும்மா இருப்பாரா மனிதர்? டீக்கடையில் மீசையை நீவிக்கொண்டு எல்லாருக்கும் சொல்லிவிட்டார்: "என் மக மதுரை வேளாண் கல்லூரியிலதான் படிப்பா!"

அங்கேதான் சிக்கல் பிறந்தது. விருப்பமான கல்லூரிகளை வரிசையாகக் கணினியில் பதிய வேண்டும். அன்று மாலையோடு கெடு முடிகிறது. ஒச்சாண்டியோ, மதுரை ஒன்றை மட்டும் பதிந்தால் போதும் என்றார்.

"அங்கன இடம் நிறைஞ்சுட்டா வேற எங்கயுமே கிடைக்காதுப்பா," என்றாள் முனீஸ்வரி.

"நாலு கல்லூரிய எழுதினா ஊரு என்ன பேசும்? ஒச்சாண்டிக்குத் தன் மக மேலயே நம்பிக்கை இல்லேன்னு பேசும்!"

முனீஸ்வரிக்குக் கண்கள் கலங்கின. ஏழாம் வகுப்புத் தங்கை ஜோதிலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. திராட்சைப் பந்தலடியில் அக்கா எப்படி விழுந்து விழுந்து படித்தாள் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போது அம்மா பஞ்சம்மாள் தண்ணீர்ச் செம்போடு இருட்டறைக்குள் போனாள். அம்மன் திருவிழாவுக்குத் தலையில் சுமந்துபோக, அங்கே சட்டிகளில் தானியம் முளைவிட்டு முளைப்பாரி வளர்கிறது. ஆண்கள் உள்ளே போகக் கூடாது.

ஜோதி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "அப்பா, உள்ள மூணு சட்டியில முளைப்பாரி இருக்கு. அம்மா தலையில தூக்கப்போறது ஒண்ணுதான?"

"ஒண்ணு சரியா வளரலேன்னா? வெறுங்கையோடயா கோயிலுக்குப் போறது? நம்ம வீட்டு மானம் என்னாகுறது?"

"அப்ப அம்மாவுக்கு அம்மன் மேல நம்பிக்கை இல்லையாப்பா?"

"ஏ ஆத்தா! சாமி வளர்ற இடத்துல என்ன பேச்சுப் பேசுற? நம்பிக்கை இருக்கப்போயித்தான் மூணு போட்டிருக்கா. அதுல ஏதாச்சும் ஒண்ணு..."

பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்க, ஏன் நிறுத்திப்புட்டீக?" உள்ளேயிருந்து அம்மாவின் குரல் சிரிப்போடு வந்தது.

ஒச்சாண்டி தொண்டையைச் செருமினார். "மதுரைதான் முதல்ல இருக்கணும்."

"முதல்லயேதான்ப்பா! நீங்க சொன்ன சொல்லு அப்படியே இருக்கும்," என்றாள் ஜோதி.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்புறம் என்ன நின்னுக்கிட்டு? ரெண்டு பேரும் வண்டியில ஏறுங்க!"

கணினி மையம் வைத்திருக்கும் முத்துக்குமரன், முனீஸ்வரி சொல்லச் சொல்ல மதுரை, பெரியகுளம், கோவை என்று பதிந்தான். "போதுமாண்ணே?" என்று ஒச்சாண்டியைக் கேட்டான்.

"ஏன், மத்த கல்லூரியெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு? அத்தனையும் போடு தம்பி. எங்க வீட்டுப் புள்ள வந்து படிக்க எந்தக் கல்லூரிக்குக் கொடுத்து வச்சிருக்கோ!"

முனீஸ்வரி சிரித்துக்கொண்டே கடைசிப் பொத்தானைத் தானே அழுத்தினாள்.