அனுப்புநர் முகவரி

பனி இறங்கும் நேரத்தில் இன்பமேரி வந்தாள். தேவிகுளத்துக்கு மேலே, எஸ்டேட்டின் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில்தான் தபால் நிலையம். உள்ளே எப்போதும் ஈரச் சாக்கு வாடை. மேசையில் ஷிஜி கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

"ஷிஜி, இதையும் போட்டுரு தாயி."

கவரில் மகன் ஜோமோனின் பெயர். மலை சரிந்து மூடிய பழைய லயத்து வீட்டின் முகவரி. அவன் உடல் கிடைக்கவேயில்லை.

"இன்பக்கா, அங்க இப்ப வெறும் மண்ணுதான?"

"ஃபோன்ல அனுப்புனா ஒத்த டிக்கோட நின்னுருது. லெட்டரு அப்படியா? போயிட்டே இருக்கும்லா."

உண்மைதான். பெறுநர் இல்லையென்றால் கடிதம் சில நாள் தபால் நிலையத் தட்டில் காத்திருக்கும். பிறகு குறிப்பெழுதி அனுப்புநருக்கே திருப்புவார்கள். ஏதாவது ஒரு கதவை அது போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும்.

திரும்பிய கடிதங்களை இன்பமேரியிடம் கொடுப்பது ஷிஜிதான். அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்கத் தெம்பில்லை. இந்தக் கவரின் அனுப்புநர் முகவரிமேல் வெள்ளைத்தாள் ஒட்டி, தன் வீட்டு முகவரியை எழுதினாள். திரும்பினால் தன்னிடமே வரட்டும்.

கடிதம் திரும்பவில்லை.

ஒருநாள் தட்டில் அதைக் காணோம். இருந்த இடத்தில் ஈரச் செம்மண்.

"சுவக்கீன் அண்ணே, நீங்க எடுத்தீங்களா?"

"எடுத்து, மண்ணுக்குள்ள யாருகிட்டக் குடுக்க?" என்றார் தபால்காரர்.

கடிதம் காணோம் என்று கேட்டதும் இன்பமேரியின் முகம் மலர்ந்தது. "வாங்கிட்டான்! நான் வீடு மாறுனது அவனுக்குத் தெரியாதுல்லா. கவர்ல இருக்க அட்ரஸுக்கு வந்துருய்யான்னு எழுதிருந்தேன்."

கவரில் தான் ஒட்டிய வெள்ளைத்தாள் ஷிஜிக்கு நினைவு வந்தது.

அன்று அந்தியில் ஷிஜியின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

மண் அடைத்த தொண்டையிலிருந்து ஒரு குரல்.

"அம்மா..."

"உங்கம்மா வீடு கீழ, மாதா கோயிலுக்குப் பக்கத்துல," என்று கிசுகிசுத்தாள் ஷிஜி. "அங்க போ, ஜோமோன்."

வெளியே காகிதம் சரசரத்தது.

"இங்கதான போட்டுருக்கு."

விடிந்ததும் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். இன்பமேரி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எம்புள்ள என்னையத் தேடி உன் வாசல்லயா நின்னான்? பாவி, எனக்கு ஒரு குரல் குடுத்துருக்கக் கூடாதா?"

அன்றிலிருந்து சாயங்காலமானால் அவள் ஷிஜியின் படியில் வந்து உட்கார்ந்தாள். சுடுசோற்றுத் தூக்கோடு. அவள் இருக்கும்வரை ஒரு சத்தமும் வராது. "ஜோமோனே, அம்மா இங்க இருக்கேன்யா," என்று பனியைப் பார்த்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய்விடும்.

கைத்தாங்கலாக அவளைப் பாதைவரை கொண்டுவிட்டுத் திரும்புவாள் ஷிஜி.

இன்றும் அப்படித்தான். இன்பமேரியின் டார்ச் வெளிச்சம் வளைவில் மறைந்தது. ஷிஜி பூட்டைத் திறக்கச் சாவியை நுழைத்தாள்.

உள்ளேயிருந்து கதவு தட்டப்பட்டது.