கதவில் ஒட்டாத நோட்டீஸ்

நடுவட்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மத்தியானம் மூன்று மணி. மழை விட்டிருந்தது, மூடுபனி விடவில்லை. கோர்ட் நோட்டீஸ்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அன்றைக்குப் பையில் ஒன்றே ஒன்று. மேட்டு வீட்டில் புதிதாகக் குடிவந்தவரைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் போட்ட வழக்கு.

அந்த மேடு எனக்குப் புதிதல்ல.

போன வருஷம், எழுபத்தாறு ஆடி மழையில், இதே வீட்டுக்கு இன்னொரு நோட்டீஸ் கொண்டுவந்தேன். சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்த சின்னம்மைக்கு. வழுக்குப் பாதையில் எவன் ஏறுவான்? சுடலைமணியின் டீக்கடையில் உட்கார்ந்தபடியே, 'வாங்க மறுத்தார், கதவில் ஒட்டினேன்' என்று எழுதினேன். சுடலைமணி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் தொழிலில் இதெல்லாம் சகஜம். நோட்டீஸ் என் கோட்டுப் பைக்குள் போனது.

விஷயமே தெரியாத சின்னம்மை வாய்தாவுக்கு எப்படி வருவாள்? ஒருதலையாகத் தீர்ப்பாகி, கோர்ட் அமீனா லிங்கசாமி சாமான்களை வெளியே வைக்க வந்தார். நானும் கூட நின்றேன்.

"ஒரு கடதாசியும் வரலீங்கையா." அவள் பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினாள். பாஸ்போர்ட், குடும்ப அட்டை, கப்பல் சீட்டு, எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன. "எந்தக் கடதாசியையும் நான் வேணாம்னு சொன்னதே இல்லையே. குடுத்திருந்தா கோர்ட்டுல வந்து நின்னிருப்பேனே!"

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கோட்டுப் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பஸ் நிழற்குடையில் மூன்று நாள் குளிரில் கிடந்து செத்துப்போனாள். பாவி, நான்தான் கொன்றேன்.

இந்த முறை ஏறினேன். கதவைத் தட்டினேன்.

"கோர்ட்லேர்ந்து வர்றேன்."

கதவு நாலு விரல் அளவுக்குத் திறந்தது. உள்ளே கும்மிருட்டு. நனைந்த கம்பளி நாற்றம் குப்பென்று அடித்தது. ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. கொழுந்து பறித்துக் கறையேறிய விரல்கள், நீரில் ஊறி வெளுத்திருந்தன.

"குடுங்கையா," என்றது குரல், மெதுவாக. "நான் வேணாம்னு சொல்லமாட்டேன்."

கொடுத்தேன். கையெழுத்து வாங்க நான் நீட்டிய ஆபீஸ் பிரதியில் அந்தக் கையின் கட்டைவிரல் அழுந்தியது. குளிர் என் முழங்கைவரை ஏறியது.

கதவு சாத்திக்கொண்டது.

அதில் துருப்பிடித்த பூட்டு தொங்கியது.

எப்படிக் கீழே டீக்கடைக்கு வந்தேனோ தெரியாது. மேட்டு வீட்டில் யார் என்று கேட்டேன்.

"அந்த ஊட்ல ஆருங்க இருக்காங்க?" என்றார் சுடலைமணி. "குடிவந்தவங்க போன மாசமே ராவோட ராவா ஓடிட்டாங்களே!"

பையைத் திறந்தேன். இன்றைய நோட்டீஸ் அப்படியே இருந்தது. கோட்டுப் பையைத் துழாவினேன். ஒரு வருஷமாகக் கிழிக்கவும் மனசு வராமல் வைத்திருந்த சின்னம்மையின் நோட்டீஸைக் காணோம்.

ஆபீஸ் பிரதியில் நீலக் கைநாட்டு இருந்தது. நான் மைப்பெட்டி கொண்டுபோகவே இல்லை.

அதை எடுத்துப்போய் அதிகாரியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமே! அடுப்பில் போட்டுவிட்டு, 'வீடு பூட்டியிருந்தது' என்று புதிதாக எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் ஆயிற்று. நேற்றுக் காலை பெர்ன்ஹில்லில் என் வாடகை வீட்டு வாசலில் லிங்கசாமி ஆட்களோடு நின்றார்.

"காலி பண்ணோணுங்க, தனசிங்கு. ஊட்டுக்காரர் போட்ட கேஸ்ல தீர்ப்பாயிருச்சு."

"எனக்கு ஒரு நோட்டீஸும் வரலையே!" என்று கத்தினேன். "வந்திருந்தா கோர்ட்டுல நின்னிருப்பேனே!"

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது.

"ஏனுங்க, வாங்கித்தானே இருக்கீங்க?" லிங்கசாமி காகிதத்தை நீட்டினார். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் நீலக் கைநாட்டு.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. போன வருஷம் நானும் இப்படித்தான் நின்றேன். வெளியே மழையில் என் மனைவி ஜெஸிந்தா பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். காகிதத்தை முகத்தருகே கொண்டுவந்தேன். நனைந்த கம்பளி நாற்றம் அடித்தது.

கைநாட்டைத் தொட்டேன். மை இன்னும் காயவில்லை.