போயிட்டு வா

பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்த அந்தப் பழைய அரங்கத்துக்குள் நுழைந்ததும் ஈரக் கம்பளி வாடைதான் முதலில் மூக்கில் ஏறியது. 1976, ஜனவரி. மாலை ஐந்து மணிக்கே வெளியே கும்மிருட்டு. எங்கள் மகள் உஷாவின் ஒத்திகையைப் பார்க்க நானும் என் மனைவி அனுசூயாவும் வந்திருந்தோம்.

இத்தாலியப் பழைய காதல் ஓபரா. இருமி இருமிச் சாகிற நாயகி. புதுமை செய்கிறேன் என்று அந்த டைரக்டர் பையன் பட்டுத்திரை, மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் கடாசிவிட்டு, மேடை நடுவே ஓர் ஆஸ்பத்திரி இரும்புக் கட்டிலைப் போட்டிருந்தான். காதலனுக்கு ஜீன்ஸ். பாடுகிற யாருக்கும் இருபத்திரண்டு தாண்டவில்லை. எனக்கு இந்தக் கூத்தெல்லாம் பிடிக்காது. ஆனால் நாயகி உஷா. கிடைத்த மெடிக்கல் சீட்டையே பாட்டுக்காக உதறியவள். அந்தக் குரலைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் இல்லை.

முதலில் அந்த வேஷம் மிரேய் என்ற பெண்ணுக்கு இருந்தது. "மிரேய் போயிட்டாப்பா, அதான் எனக்குக் குடுத்தாங்க" என்றாள் உஷா. டொரொன்டோவுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

உஷாவின் தமிழ் அரைகுறைதான். ஆனால் கிளம்பும்போது "போயிட்டு வரேம்மா", திரும்பியதும் "வந்துட்டேம்மா" இரண்டும் பிசகாது. "வாம்மா" என்று அனுசூயாவும் உள்ளிருந்தே குரல் கொடுப்பாள்.

இடைவேளையில் பனங்கற்கண்டு போட்ட வெந்நீரோடு உஷாவைத் தேடி மேடைக்குப் பின்னால் போனோம். அங்கே குளிர் இன்னும் மோசம். ஓரமாக நகர்த்திய கட்டிலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உஷாவுடையதைப் போலவே ஆஸ்பத்திரி அங்கி. வெறுங்கால்.

மருந்து நெடி அடித்தது.

அனுசூயா பேர் கேட்டாள்.

"மிரேய்" என்றாள். பிறகு பிரெஞ்சில், ரகசியம் போல, "இது என் கட்டில். அவள் பாடுவது என் பாட்டு."

டொரொன்டோவிலிருந்து திரும்பிவிட்டாள் போல. வேஷம் பறிபோன வருத்தம், பாவம் என்று அனுசூயா டம்ளரை நீட்டினாள். அவள் தொடவில்லை. எங்கள் இருவரையும் வெறுப்போடு பார்த்துவிட்டு எழுந்து நடந்தாள்.

"போயிட்டு வாம்மா" என்றாள் அனுசூயா, வாய்ப்பழக்கத்தில்.

அவள் நின்றாள். "அப்படியென்றால்?"

அனுசூயா தன் மாலை வகுப்புப் பிரெஞ்சைத் திரட்டிப் பெருமையாக விளக்கினாள்: "போ. அப்புறம் திரும்பி வா. எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம்."

முதல் முறையாக அவள் சிரித்தாள். சிரித்தபடியே இருட்டுக்குள் போனாள். அந்தப் பக்கம் கதவே இல்லை என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

கடைசிக் காட்சி. கட்டிலில் சாய்ந்திருந்த உஷா வாயைத் திறந்தாள்.

பாட்டு வந்தது. உஷாவின் குரல்தான்.

ஆனால் மேடையிலிருந்து வரவில்லை. எங்கள் தலைக்கு மேல், காலியாகக் கிடந்த மாடியிலிருந்து வந்தது.

உஷா தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். பியானோ நின்றது. பாட்டு நிற்கவில்லை.

காதலனாக நடித்த பையன் அழுதேவிட்டான். "மிரேய்தான் இந்த இடத்தை இப்படி இழுத்துப் பாடுவாள். போன மாதம் ஒத்திகையில், இதே கட்டிலில்தான் செத்துப்போனாள்."

போயிட்டா. டைரக்டர் பிரெஞ்சில் நாசூக்காகச் சொன்னதை என் பெண் அப்படியே தமிழில் சொல்லியிருக்கிறாள்.

அனுசூயா என் கையை இறுக்கினாள். "எழவு வீட்லகூட யாரும் சொல்ல மாட்டாங்களே. செத்தவளப் பாத்து 'போயிட்டு வா'ன்னுட்டேனேங்க!"

அதன்பின் உஷாவிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தெரிந்த டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தொண்டையில் கோளாறே இல்லை என்றார்.

மறுநாள் மாலை, அஹுன்ட்சிக்கில் எங்கள் வீடு. வாசல் கதவைப் பூட்டிவிட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் நடுவில் உஷா. எனக்கு அழுகையாக வந்தது.

வெளியே இரும்புப் படியில் யாரோ ஏறினார்கள்.

பூட்ஸ் சத்தம் இல்லை. உறைந்த இரும்பில் வெறுங்கால் ஒட்டிப் பிரிகிற சத்தம்.

மருந்து நெடி.

உஷா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கதவுக்கு வெளியே உஷாவின் குரல், அதே கொஞ்சலோடு கேட்டது.

"வந்துட்டேம்மா."

இத்தனை வருஷமாகப் பதில் சொல்லியே பழகிய வாய். நான் பொத்துவதற்குள் அனுசூயா சொல்லிவிட்டாள்.

"வாம்மா."

பூட்டியிருந்த கதவின் பிடி மெல்லத் திரும்பியது.