வாளிக்குப் போன சூப்

மிளகாய்க்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அடுத்து மூக்கு. மூக்கும் சிவந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் சத்தமில்லாமல் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். மிளகாய் என்பது அப்பா அவளுக்குச் செல்லமாக வைத்த பெயர். அவள் பின்னாலேயே பள்ளிக்கூடம் வரை வந்து, வகுப்பிலும் ஒட்டிக்கொண்டது.

அந்தப் புதன்கிழமை மதியம் அவளுக்குக் காது, மூக்கு, கழுத்து எல்லாமே சிவந்திருந்தன.

காரணம், உணவுக்கூடத்து மூலையில் இருந்த நீல வாளி. மிச்சம் மீதியைக் கொட்டும் வாளி அது. அதில் பூசணி சூப் விளிம்பு வரை நின்றது. சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டுகள் மேலே மிதந்தன. பலவற்றில் பல் கூடப் படவில்லை.

அந்தச் சூப்பை வைத்தவர் மிளகாயின் அப்பா. அவர்தான் ஒரே ஒரு வகுப்பு மட்டும் உள்ள அந்தச் சின்னப் பள்ளியின் சமையல்காரர். இலையுதிர் காலம் தொடங்கியதும் அவருக்குக் குஷி பிறந்துவிடும். பூசணி, கேரட், பீட்ரூட், சர்க்கரைவள்ளி, ஆப்பிள், பேரிக்காய் என்று சந்தையில் புதிதாக வந்து இறங்குவதை எல்லாம் மூட்டை மூட்டையாக வாங்கி வருவார். "இப்போ விளையறதை இப்போவே சாப்பிடணும். அதுல இருக்கிற ருசியும் சத்தும் வேற எதுலயும் வராது" என்பார். விடியும் முன்னே வந்து பூசணியை வெட்ட ஆரம்பித்துவிடுவார்.

இப்போது அந்தப் பூசணி முழுவதும் வாளியில் கிடந்தது. அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வாரமாக இதே கதைதான்.

தலைமை ஆசிரியை வந்தார். வாளிக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இவ்வளவு சாப்பாடு வீணாப் போறதை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது" என்றார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். அப்பவும் வாளி இப்படி நிறைஞ்சா, அடுத்த வாரத்திலேர்ந்து வெளியே இருந்து பெட்டிச் சாப்பாடு வரட்டும். அடுப்பை மூடிட வேண்டியதுதான்."

அப்பா கையில் கரண்டியோடு நின்றார். "சரிங்க மேடம்" என்றார்.

அந்தச் 'சரிங்க'தான் மிளகாய்க்குத் தாங்கவில்லை. தலைமை ஆசிரியை வெளியே போனதும் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

"யாருடா கொட்டினது? தைரியம் இருந்தா எழுந்திருச்சு சொல்லுங்க! எங்கப்பா சமையல் உங்களுக்கு அவ்வளவு மட்டமாப் போச்சா?"

 எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஒருவன் கூரையைப் பார்த்தான்.

அப்பா வந்து அவள் சட்டையைப் பிடித்து இழுத்தார். "கத்தாதே, இறங்கு. பெஞ்சு உடைஞ்சா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்."

"உங்களுக்குக் கோபமே வராதாப்பா?"

"வந்தா மட்டும் சூப் ருசியாயிடுமா? இறங்கு, மணி அடிச்சாச்சு."

மதியச் சாப்பாடு முடிந்ததும் விளையாட்டு வகுப்பு. விளையாட்டு ஆசிரியர் பனைமரம் போல உயரம். விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. வகுப்புச் சுவரில் அவர் ஒரு பெரிய காகித மரம் ஒட்டியிருந்தார். அதில் ஆளுக்கொரு காகித இலை. இந்தப் பருவம் முடிவதற்குள் தன் உடம்பால் எதைச் செய்து முடிக்கப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் அதில் எழுத வேண்டும். அதைச் செய்து முடித்துவிட்டால் இலையைப் பறித்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

"பக்கத்துல இருக்கிறவனை ஜெயிக்கிறதை எல்லாம் எழுதாதீங்க. நேத்து உன்னால முடியாதது எதுவோ, அதை எழுது" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

மிளகாய் 'மைதானத்தை மூன்று சுற்று, நிற்காமல்' என்று எழுதியிருந்தாள். வகுப்பிலேயே வேகமாக ஓடுவதால் முயல் என்று பெயரெடுத்தவன், 'போன வருடத்து என்னைவிட வேகமாக' என்று எழுதியிருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கயிறு தாண்டப் பழகும் பஞ்சு, 'ஐம்பது தடவை' என்று எழுதி, பிறகு பயந்துபோய் அதை முப்பதாகத் திருத்தியிருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே நிஜ மரங்கள் எல்லாம் மொட்டையாகிவிட்டன. சுவரில் இருந்த மரத்தில் மட்டும் ஓர் இலை கூட உதிரவில்லை.

"என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்?" விளையாட்டு ஆசிரியருக்கும் கோபம். "பாதி ஓட்டத்திலேயே வாடிப்போன கீரை மாதிரி சாயறீங்க. போன வருஷம் இப்படியா ஓடினீங்க?"

மிளகாய் ஓடினாள். அப்பாவின் சூப்பை யாரும் குடிப்பதில்லை என்ற ஆத்திரத்தில் அவள் தினமும் இரண்டு கிண்ணம் குடிப்பது வழக்கம். அன்று மூன்று கிண்ணம் குடித்திருந்தாள். முதல் சுற்று ஓடியாயிற்று. இரண்டாவது சுற்றில் விலாவுக்குக் கீழே யாரோ நறுக்கென்று கிள்ளியது போல வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கால் மேல் கோபம் வந்தது. புல் மேல் கோபம் வந்தது. எதிரே சும்மா பறந்துகொண்டிருந்த காக்கை மேலும் வந்தது.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் சூப். மிஞ்சியதை அப்பா தூக்கில் எடுத்து வந்திருந்தார். நகரப் பேருந்து ஓட்டும் அம்மா, சீருடையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசைக்கு வந்து தூக்கைத் திறந்தாள்.

"மறுபடியும் பூசணியா? ரெண்டு வாரமா இதையே குடிச்சு, சிக்னல்ல பச்சை விழுந்தாக்கூட எனக்கு ஆரஞ்சாத் தெரியுது!"

மிளகாய்க்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவும் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"உப்பு சரியாத்தான் இருக்கு. இஞ்சி போட்டுப் பார்த்தேன், மிளகு போட்டுப் பார்த்தேன். ஒருவேளை தண்ணியா இருக்குதோ என்னவோ. நாளைக்கு இன்னும் கெட்டியா வைக்கிறேன். ஆளுக்கு ஒரு கரண்டி கூடவே ஊத்தறேன். அப்புறம் பார்க்கலாம்."

 அப்பாவின் அடுப்பு மூடப்பட்டால் அவர் என்ன செய்வார்? பெட்டியைப் பிரித்துக் கொடுக்க ஒரு சமையல்காரர் எதற்கு?  நாளைக்கு யார் கொட்டுகிறார்கள் என்று கையும் களவுமாகப் பிடித்தே தீர்வது என்று மிளகாய் முடிவு செய்தாள்.

மறுநாள் மதியம், சமையலறையில் இருந்ததிலேயே பெரிய கரண்டியை எடுத்துக்கொண்டு வாளிக்குப் பக்கத்தில் இருந்த அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

வெகு நேரம் காத்திருக்கத் தேவைப்படவில்லை. முயல் வந்தான். கிண்ணத்தைக் கம்பளிச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி விசிலடித்தபடி வந்தான். இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுக் கிண்ணத்தை வெளியே எடுத்தான்.

"மாட்டினியா!"

மிளகாய் பாய்ந்து வந்த வேகத்தில் பாதிச் சூப் அவன் காலணியிலேயே கொட்டிவிட்டது.

"ஐயோ! கரண்டியால அடிச்சிடாதே!"

"அடிக்க மாட்டேன். நீ பதில் சொல்லு. எங்கப்பா சூப்ல அப்படி என்ன குறை?"

"குறையா?" முயல் விழித்தான். "யாரு குறைன்னு சொன்னது? சூப் நல்லாத்தான் இருக்கு. உண்மையைச் சொன்னா, இதைக் கொட்டறப்போ எனக்கே வயிறு எரியுது."

"அப்புறம் எதுக்குடா கொட்டறே?"

"இதை முடிச்சதும் ஓடணும்ல? குடிச்சிட்டு ஓடினா வயித்துக்குள்ள தளக் தளக்குனு ஆடுது. விலாவுல பிடிச்சுக்குது. அப்புறம் எப்படி இலையைப் பறிக்கிறது? அதான் யாருமே குடிக்கிறதில்லை."

"யாருமேயா?"

"பஞ்சு மட்டும் நேத்து குடிச்சா. குதிக்கிறப்போ வாந்தி வர்ற மாதிரி ஆயிடுச்சாம்."

மிளகாய் தன் விலாவைத் தொட்டுப் பார்த்தாள். நேற்று கிள்ளிய அதே இடம். வகுப்பில் எல்லாரும் ஏன் பாதி ஓட்டத்தில் சாய்கிறார்கள் என்பதும் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. குடிக்காதவர்களுக்குத் தெம்பு இல்லை. குடித்தவர்களுக்கு வயிறு வலி. இது தெரியாமல் அப்பா சூப்பைக் கெட்டியாக்கி, ஒரு கரண்டி கூடுதலாக வேறு ஊற்றிக்கொண்டிருக்கிறார்!

"இதை முன்னாடியே வாயைத் திறந்து சொல்றதுக்கு என்னடா?"

"நீதான் பெஞ்சு மேல ஏறி நின்னு கத்தினியே. எவன் வாயைத் திறப்பான்?"

 முயல் மேல் இருந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது. ஆனால் காது மட்டும் இன்னும் சிவப்பாகவே இருந்தது. அந்தக் காதோடும் கரண்டியோடும் நேரே விளையாட்டுச் சாமான் அறைக்குப் போனாள். விளையாட்டு ஆசிரியர் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க ஓட்டத்தைச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஏன் வெச்சீங்க?"

"காலையில புல்லெல்லாம் பனியில நனைஞ்சு கிடக்கு. போன மாசம் ரெண்டு பேர் வழுக்கி விழுந்து முட்டியைப் பேர்த்துக்கிட்டாங்க. அதான் ரெண்டு வாரம் முன்னாடி மாத்தினேன். ஏன்?"

மிளகாய் எல்லாவற்றையும் கொட்டினாள். சூப், விலா, பஞ்சுவின் குமட்டல், உதிராத இலைகள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். விளையாட்டு ஆசிரியர் காற்றடிப்பதை நிறுத்திவிட்டார். பந்து புஸ்ஸென்று இளைத்தது.

"அடக் கடவுளே. எனக்கு இது தோணவே இல்லையே."

"அப்போ சாப்பாட்டுக்கு முந்தின வகுப்புல ஓடலாம் சார். அதுக்குள்ள புல்லு காய்ஞ்சிடும்ல?"

"காயும். ஆனா அது மேடத்தோட கணக்கு வகுப்பாச்சே." அவருடைய அவ்வளவு பெரிய உருவமும் சற்றுக் குறுகியது. "நான் போய்க் கேட்கமாட்டேம்மா. நீ வேணா கேட்டுப் பாரு."

தலைமை ஆசிரியையின் கதவை மிளகாய் படபடவென்று தட்டினாள்.

"கதவு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? உள்ளே வா. முதல்ல அந்தக் கரண்டியைக் கீழே வை."

அவள் வைத்தாள். இந்த முறை கத்தவில்லை. கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் நேற்று கத்தியதால்தான் யாரும் உண்மையைச் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"யாருக்கும் சாப்பாடு பிடிக்காம இல்லை மேடம். சாப்பிட்டதும் ஓட வேண்டியிருக்கு, அதான் கொட்டறாங்க. முதல்ல ஓடிட்டு அப்புறம் சாப்பிட்டா வாளி நிறையாது. உங்க கணக்கு வகுப்பை மட்டும் சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திக்குங்க மேடம்."

"சாப்பிட்டதும் கணக்கா? எல்லாரும் குறட்டை விடுவீங்க."

"தூங்கறவங்களை நான் எழுப்பறேன்."

"நீ தூங்கிட்டா?"

"கோபமா இருக்கிறப்போ எனக்குத் தூக்கம் வராது மேடம். இப்போதைக்குக் கோபம் போற மாதிரியும் தெரியல."

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் துடைக்கிறார் போலிருந்தது.

"நாளைக்கு ஒரு நாள் மாத்திப் பார்க்கிறேன். ஒரே ஒரு நாள்தான். வாளியைப் பார்த்துட்டுதான் மத்த பேச்சு."

வெள்ளிக்கிழமை வெயில் ஏறியதும் புல் காய்ந்தது. விசில் ஒலித்தது. வயிறு லேசாக இருந்தது. மிளகாய் முதல் சுற்றை முடித்தாள். இரண்டாவது சுற்றில் விலா எப்போது கிள்ளும் என்று பயந்துகொண்டே ஓடினாள். கிள்ளவில்லை. மூன்றாவது சுற்றில் கால் கெஞ்சியது. 'நீ என்ன கெஞ்சினாலும் உட்காரமாட்டேன்' என்று காலைத் திட்டிக்கொண்டே ஓடி முடித்தாள். அந்தப் பக்கம் முயல் போன வருடத்து முயலை முந்திவிட்டுக் குதித்தான். பஞ்சு முப்பது தாண்டியது தெரியாமல் கயிற்றைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

வகுப்பே உணவுக்கூடத்துக்குள் பாய்ந்தது. ஓடிக் களைத்த வயிறுகள். வெளியே குளிர்காற்று. உள்ளே சூப் மணம். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

"அங்கிள், எனக்கு இன்னும் ஒரு கரண்டி!"

"எனக்குக் கிழங்கு!"

"டேய், வரிசையில நில்லுடா!"

அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊற்றினார், ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். 

கடைசியில் தலைமை ஆசிரியை நீல வாளிக்குள் எட்டிப் பார்த்தார். கடித்துத் துப்பிய ஆப்பிள் கொட்டைகளும் கிழங்குத் தோலும் மட்டுமே அடியில் கிடந்தன.

"திங்கட்கிழமை எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, கணக்குப் புத்தகத்தோடு நடந்தார்.

அதுவரை மிளகாய் வகுப்பறைச் சுவருக்கு முன்னால் நின்று, இலை கிழியாமல் நிதானமாகப் பறித்துக்கொண்டிருந்தாள். முயல் தன் இலையை எப்போதோ பிய்த்து எடுத்துவிட்டுச் சாப்பிட ஓடியிருந்தான். அவள் இலையைப் பையில் பத்திரப்படுத்திவிட்டு உணவுக்கூடத்துக்குள் வந்து கிண்ணத்தை நீட்டினாள்.

அப்பா பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே பளபளவென்று அடி தெரிந்தது.

"எங்கேப்பா என் சூப்?"

"தீர்ந்து போச்சும்மா."

"தீர்ந்து போச்சா? எனக்கு ஒரு கிண்ணம் கூட எடுத்து வைக்கலையா?"

காது சிவந்தது. மூக்கு சிவந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு பேரிக்காயை எடுத்து அவள் கையில் வைத்தார். இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மிளகாய் பேரிக்காயை ஒரு கடி கடித்தாள். பிறகு பெஞ்சின் மேல் ஏறி நின்று, அப்பாவின் கரண்டியால் காலிப் பாத்திரத்தை டங்கென்று தட்டினாள்.

"திங்கட்கிழமை நான்தான் வரிசையில முதல் ஆள்! எவனாவது முந்தினீங்க, தெரியும் சேதி!"

இந்த முறை அப்பா அவளைக் கத்தாதே என்று சொல்லவில்லை.