‘நீங்கள்தானா?’ என்று கேட்ட போன்

கம்ப்யூட்டர் சர்வர் மாற்ற வந்தவனுக்கு அந்தக் கட்டட வரைபட அலுவலகம் நுழைந்ததுமே பிடிக்கவில்லை. பட்டப்பகலிலும் உள்ளே விளக்கு எரிந்தது. குளியலறையாக இருந்த ஒரு சின்ன அறையில் பழைய சர்வரை வைத்திருந்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கைத் துளைத்தது. மின்சாரமும் தண்ணீர்க் குழாயும் பக்கத்துப் பக்கத்திலேயே! எந்தப் புண்ணியவான் செய்த ஏற்பாடோ என்று முணுமுணுத்துக்கொண்டான்.

"எங்க அண்ணன் செஞ்சதுதான்," என்றாள் பின்னால் நின்ற முதலாளியம்மா.

அண்ணன் இறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அலுவலகம் இப்போது அவள் தலையில்.

"பள்ளிக்கூட வரைபடத்தை நாளைக்குக் கொடுக்கணும் தம்பி. தினமும் அதுல கதவெல்லாம் காணாமப் போகுது. நாங்க போடப் போட யாரோ அழிக்கிறாங்க. இந்த வேலை கைவிட்டுப் போனா ஆபீஸை இழுத்து மூட வேண்டியதுதான்."

யார் யார் உள்ளே வந்தார்கள் என்று சர்வரில் தேடிப் பார்த்தான். வெளியிலிருந்து இறந்தவரின் கணக்கில் யாரோ தினமும் நுழைந்திருந்தார்கள். அதற்குக் கடவுச்சொல் மட்டும் போதாது. அவருடைய போன் ‘நீங்கள்தானா?’ என்று கேட்கும். ‘ஆம்’ அழுத்தினால்தான் வழி திறக்கும்.

"அந்த போன் எங்கக்கா?"

அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் அழுத்தினேன்."

"என்னக்கா இது! திருடனுக்கு நீங்களே கதவத் திறந்து விட்டிருக்கீங்களே!"

"படுக்கையில கிடந்தப்பவும் அண்ணன் இப்படித்தான் வீட்டுலேர்ந்தே வேலைக்கு வருவாரு. போன் கேட்டதும் அவருதான்னு நினைச்சுட்டேன். இல்லைன்னு அழுத்த மனசு வரல தம்பி."

அவள் கண் கலங்கியது. அவனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேலை வேலைதானே? போனை வாங்கிக்கொண்டு, அவள் வெளியே போனதும் ஏசி குளிர் வெளியே போகாமலிருக்கக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். அண்ணனின் கணக்கை நீக்கினான். இணைய கேபிளைப் பிடுங்கினான்.

போன் அதிர்ந்தது.

‘நீங்கள்தானா?’

‘இல்லை’யை அழுத்தினான்.

சர்வர் விசிறியின் இரைச்சல் நின்றது.

அவன் காதருகே யாரோ மூச்சு விட்டார்கள்.

திரையில் ஒரு வரைபடம் தானாகத் திறந்தது. பள்ளிக்கூடம் அல்ல, இதே அலுவலகம். அம்புக்குறி அறை அறையாக ஊர்ந்து, சர்வர் அறையின் வாசலில் வந்து நின்றது.

கதவு அழிந்தது. அந்த இடத்தில் சுவர்க்கோடு நீண்டது.

"யாரு?" என்றான்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையைப் பின்னால் நீட்டித் தாழ்ப்பாளைத் தேடினான்.

விரலில் ஈரச் சுண்ணாம்பு ஒட்டியது.

எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் முதலாளியம்மாவின் குரல் கேட்டது. "தம்பி? எங்க போயிட்டீங்க?"

கையிலிருந்த போன் மறுபடியும் அதிர்ந்தது.

‘நீங்கள்தானா?’

இந்தமுறை அதன் கீழே ‘ஆம்’ மட்டும்தான் இருந்தது.